ஐப்பசி, கார்த்திகை வந்தாச்சு: தொடக்கப் பள்ளிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து அரையாண்டுத் தேர்வு வரை, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பெற்றோர் கேட்கிற கேள்விகள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றுதான். திருவாரூருக்கும் நன்னிலத்துக்கும் நடுவில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒழுங்காகப் போகும். ஐப்பசி பிறந்ததும் கட்டம் கட்டமாக வராத குறி விழ ஆரம்பிக்கும். மழை, நடவு, காய்ச்சல், தீபாவளி, ஊர்த் திருவிழா என்று காரணம் எதுவானாலும் விழுகிற இடம் அதே பக்கம்தான். கேட்டதைக் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

மழை லீவு விட்டாங்களான்னு எதப் பாத்து தெரிஞ்சுக்கிறது?

மழைக்கு லீவு விடுவது மாவட்ட ஆட்சியர். சில நாட்களில் அந்தந்த ஊர் நிலவரத்தைப் பார்த்துத் தலைமையாசிரியரே முடிவு செய்யலாம் என்று விட்டுவிடுவார்கள். அப்படி வந்தால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நானே என் குரலில் பேசி அனுப்புவேன்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்குக்கும் ஆட்சியர் தனித்தனி. டிவியில் கீழே ஓடுகிற எழுத்தில் 'நாகை' என்று பார்த்ததும் மயிலாடுதுறைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இன்னமும் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28 முதல் தனி மாவட்டம். காரைக்கால் புதுச்சேரி நிர்வாகத்தில் இருப்பதால் அங்கே விடுகிற லீவு நமக்குப் பொருந்தாது, நம்முடையது அவர்களுக்குப் பொருந்தாது. எல்லையோரம் குடியிருப்பவர்கள் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம், பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த அறிவிப்பைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படத்தில் தேதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒரு வருஷம் யாரோ முந்தின வருஷத்துப் படத்தை விடிகாலையில் தட்டிவிட்டார்கள். நாற்பது பிள்ளைகளுக்குக் கிச்சடி கிண்டி வைத்திருந்தோம், வந்தது பதினொரு பேர். வெளியில் சுள்ளென்று வெயில்.

லீவு விடல, ஆனா எங்க தெருவுல தண்ணி ஓடுது. அனுப்பணுமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரு முடிவு எடுப்பவருக்கு உங்கள் தெருக்கோடி மதகு தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். அதுவும் நம் ஊரில் மழை பெய்யும்போது இருப்பதைவிட, மழை விட்ட மறுநாள்தான் வடிகாலில் தண்ணீர் ஏறும். சம்பாப் பயிர் முழுகிவிடக் கூடாது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வரப்பை வெட்டி வயல் தண்ணீரை வடிய விடுவார்கள். மேலே வானம் வெளுத்திருக்கும், கீழே கல்வெர்ட்டுக்கு மேல் தண்ணீர் புரளும். மேட்டூரிலிருந்து உபரி திறந்துவிட்டால் கொள்ளிடக்கரை ஊர்களில் இதே கதை இன்னொரு விதமாக நடக்கும். ஆகவே "வெயில் அடிக்குதே, அனுப்பலாம்" என்பது டெல்டாவில் சரிப்பட்டு வராத கணக்கு.

நான்காம் வகுப்பில் ஒரு பெண். இரண்டாம் வகுப்பில் அவள் தம்பி. ஒரு கார்த்திகை மாதக் காலையில் ஒன்பதே முக்காலுக்கு வாசலில் வந்து நின்றார்கள். அவளுடைய பாவாடை இடுப்பு வரை நனைந்து, அதன் மேல் ஆகாயத்தாமரை வேர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் தம்பி, இன்னொரு கையில் இரண்டு ஜோடிச் செருப்பு. பை மட்டும் தலையில், உரச்சாக்குக்குள், நனையாமல். அம்மா விடியற்காலையிலேயே களையெடுக்கப் போய்விட்டாள், அப்பா திருப்பூரில். "ஏம்மா இந்தத் தண்ணியில வந்தே?" என்றேன். "லீவு போட்டா பேர அடிச்சிருவீங்கன்னு அம்மா சொன்னாங்க டீச்சர்" என்றாள்.

அதனால்தான் இதை எழுத்தில் தருகிறேன். மழைக்கு நான்கு நாள் வராததற்காகப் பெயரை அடிக்க மாட்டோம். வராத நாள் வராத நாளாகத்தான் பதியும், அதை மாற்ற முடியாது. ஆனால் திட்டு கிடையாது, மறுநாள் வாசலில் நிறுத்துவது கிடையாது, விட்ட பாடத்தைத் திரும்பச் சொல்லித் தருவோம். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே பெரிய ஆளையும் சாய்த்துவிடும். நின்ற தண்ணீராக இருந்தாலும் கலங்கியிருந்தால் பள்ளம் தெரியாது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு தம்பி தாண்டுவது பாதுகாப்பு இல்லை, இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து இழுத்துவிடும். பெரியவர் ஒருவர் கூடவே வந்து தாண்டி விட முடிந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கட்டும்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: வரவில்லை என்று ஒன்பது மணிக்குள் சொல்லிவிடுங்கள். பிள்ளை வீட்டிலிருந்து கிளம்பியும் பள்ளிக்கு வந்து சேராமல் இருக்கிறதா, கிளம்பவே இல்லையா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன கணக்கு?

சென்னை வானிலை மையம் சொல்கிற மழையளவை ஒட்டித்தான் இந்த நிறங்கள். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை. என் அனுபவத்தில் ஆரஞ்சு என்று இரவு எட்டு மணிச் செய்தியில் கேட்டுவிட்டால் மறுநாள் காலை லீவு வந்தாலும் வராவிட்டாலும் வீட்டில் ஒரு ஏற்பாடு இருப்பது நல்லது. பிள்ளையை யாரிடம் விடுவது என்று காலை ஆறு மணிக்கு யோசிக்க ஆரம்பித்தால் சரியாக வராது.

அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. கரண்ட் கம்பி அறுந்து கிடந்தால் மின்னகம் 94987 94987. இந்த நான்கையும் பிள்ளையின் டைரி முதல் பக்கத்தில் நீங்களே உங்கள் கையெழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

பள்ளிக்கூடம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே மழை பிடிச்சுக்கிட்டா?

நாங்கள் பாதியில் தனியாக அனுப்ப மாட்டோம். நீங்களோ, நீங்கள் பெயர் கொடுத்தவரோ வந்தால்தான் விடுவோம். 'சித்தப்பா வந்திருக்கேன்' என்று முன்பின் தெரியாத ஒருவர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றால் விடமாட்டேன், நிஜமான சித்தப்பாவாகவே இருந்தாலும். போன வருஷம் இப்படி ஒரு சித்தப்பா என்னிடம் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும். இந்த வாரத்துக்குள் இரண்டு பெயர், இரண்டு போன் நம்பர் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு வெளியூர் போகிறீர்கள் என்றால் மாற்றிக் கொடுங்கள்.

இடி இடிக்கும்போது மட்டும் நீங்களும் அவசரப்பட்டு வர வேண்டாம். வயல் வெளியில் தனியாக நடந்து வருகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். மணி ஐந்தானாலும் ஆறானாலும் இங்கே ஒரு ஆசிரியர் இருப்போம்.

நடவு, களை வேலைக்குப் போகணும். கைக்குழந்தையப் பாத்துக்க பெரியவள ரெண்டு வாரம் நிறுத்திக்கிறோமே?

இதைக் கேட்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறுவை அறுத்த வயலில் தாளடி நடவு, முன்னே நட்ட சம்பாவில் களை, இரண்டும் இந்த மாதங்களில்தான். வருஷத்தில் கூலி கையில் நிற்கிற நாட்கள் இவைதான் என்பதும் தெரியும்.

ஆனால் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் முறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வைத்துச் சொல்லித் தருகிறோம். எழுத்தைத் தெரிந்துகொண்ட பிள்ளை எழுத்துக் கூட்டிச் சொல் படிக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் பருவத்தில்தான். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். 'ப', 'ட', 'ம்' என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வருகிற பிள்ளை, ஒரு நாள் திடீரென்று நிறுத்தி, "படம்!" என்று நிமிரும். அந்த ஒரு வாரத்தில் பிள்ளை வயல் வரப்பில் தம்பியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், திரும்பி வரும்போது வகுப்பு வேறெங்கோ போயிருக்கும். அப்புறம் 'எனக்குப் படிப்பு ஏறாது' என்று அதுவே முடிவு கட்டிக்கொள்ளும்.

கைக்குழந்தைக்கு அங்கன்வாடி இருக்கிறது. இரண்டு வயதைத் தாண்டியதை அங்கே விடலாம். அதற்கும் கீழே என்றால், ஒரே தெருவில் நடவுக்குப் போகிற நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகலாம். எங்கள் ஊரில் கீழத்தெருவில் இப்படி நடக்கிறது, பாட்டிக்கு ஆளுக்கு இருபது ரூபாய் கொடுக்கிறார்கள். இது எதுவுமே முடியாத நாள் ஒன்று வந்தால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், ஒரு நாள் மட்டும். இரண்டு வாரம் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். ஆண்பிள்ளையை அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளையை நிறுத்துகிற வீடுகளுக்கு நான் நேரிலேயே வருவேன், வந்தால் டீ கொடுங்கள்.

மழையில காலைச் சாப்பாடு உண்டா?

பள்ளி நடக்கிற நாளெல்லாம் உண்டு. லீவு விட்டால் இல்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது 2023 ஆகஸ்ட் 25 அன்று, நம் பக்கத்துத் திருக்குவளையில். உப்புமா, கிச்சடி, பொங்கல் மாறி மாறி வரும், காய்கறி போட்ட சாம்பாரோடு. எங்கள் பள்ளியில் எட்டே காலுக்குப் பரிமாற ஆரம்பித்து எட்டே முக்காலுக்கு முடித்துவிடுகிறோம். மழையால் தாமதமாக வருகிற பிள்ளைக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மதியச் சாப்பாடும் முட்டையும் வழக்கம்போல. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். கார்த்திகையில் மாலை போடுகிற வீடுகளில் பிள்ளையும் முட்டை வேண்டாம் என்று சொல்லும். முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொன்னால் பழத்துக்குக் கணக்கு வைத்துக்கொள்வோம். தீபாவளிப் பலகாரம் மிச்சம் இருக்கிறது என்று பள்ளிக்குக் கொடுத்தனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலு நாள் ஆன அதிரசம் மழைக்காலத்தில் பூசணம் பூக்கும். உங்கள் பிள்ளைக்கு மட்டும் இருந்தால் உங்கள் பொறுப்பு, வகுப்புக்கெல்லாம் வேண்டாம்.

புத்தகம் நனைஞ்சு போச்சு, புதுசு கிடைக்குமா?

இரண்டாம் பருவப் புத்தகம் காலாண்டு லீவு முடிந்ததும் கொடுத்தாயிற்று. ஒருவருக்கு ஒரு தடவைதான். வெள்ளத்தில் வீடே முழுகிப் புத்தகம் போனது என்றால் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பிக் கேட்டு வாங்கித் தருகிறோம். வெறும் மழையில் நனைந்தது என்றால் காயவைத்துக்கொள்ளலாம்.

எப்படிக் காயவைப்பது என்பதில் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அட்டை சுருண்டு, பக்கங்கள் அப்பளம் மாதிரி ஆகிவிடும். நனைந்த புத்தகத்தை முதலில் இழுத்துப் பிரிக்காதீர்கள், கிழியும். துணியால் ஒற்றி, புத்தகத்தைச் செங்குத்தாக நிற்கவைத்து, பக்கங்களை லேசாக விசிறி மாதிரி விரித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பாதி காய்ந்ததும் ஐந்தாறு பக்கத்துக்கு ஒன்றாகப் பழைய செய்தித்தாளைச் செருகி, மேலே அம்மிக்குழவியோ அரிசி டப்பாவோ பாரம் வைத்துவிடுங்கள். மறுநாள் செய்தித்தாளை மாற்றுங்கள். மூன்றாம் நாள் கொஞ்சம் உப்பினாற்போல் இருக்கும், படிக்கலாம்.

நனையாமல் தடுப்பது இதைவிடச் சுலபம். பைக்குள் ஒரு உரச்சாக்கின் உள்பையை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் போட்டு, அதற்குள் புத்தகத்தை வைத்து, வாயை முறுக்கிக் கட்டுங்கள். அந்த நான்காம் வகுப்புப் பெண்ணின் பை நனையாமல் வந்தது அதனால்தான்.

சீருடை காயல. கலர் டிரஸ்ல அனுப்பலாமா?

அனுப்பலாம். ஈரச் சட்டையில் மட்டும் அனுப்பாதீர்கள்.

காய்ச்சல் வந்தா எத்தனை நாள் நிறுத்தணும்? எது சாதா, எது டெங்கு?

காய்ச்சல் மாத்திரை போடாமலேயே ஒரு முழு நாள் உடம்பு சுடாமல் இருந்தால் அனுப்பலாம். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பி, பதினோரு மணிக்கு மறுபடி கொதிக்க ஆரம்பிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உங்களுக்குப் போன் அடிப்பது வாரம் ஒரு தடவையாவது நடக்கிறது.

சாதாவா டெங்குவா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, என்னாலும் முடியாது. இரண்டு நாளைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் ரத்தம் பார்த்துவிடுங்கள். டெங்குவில் பலருக்குத் தெரியாத ஒன்று: காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நிம்மதியாக இருக்கிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் கவனிக்க வேண்டிய நேரம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கைகால் சில்லிட்டுப் பிள்ளை துவண்டு கிடப்பது, சிறுநீர் போகாமல் இருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் 108. பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை, அதிலும் ஆஸ்பிரின், புரூஃபென் வகையை, டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். நிலவேம்புக் குடிநீர் கொடுப்பவர்கள் கொடுங்கள், அது ரத்தப் பரிசோதனைக்குப் பதில் ஆகாது.

டெங்குக் கொசு பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. முட்டை கொசுவாகப் பறக்க எட்டிலிருந்து பத்து நாள். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டி, குடம், டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். கொல்லையில் கிடக்கிற கொட்டாங்கச்சி, பழைய டயர், பிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, இவைதான் எல்லார் கண்ணுக்கும் தப்புகிற இடம். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயல் தண்ணீரிலும் சேற்றிலும் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வருவது அது. கெண்டைக்கால் கடுத்து, கண் சிவந்து, காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் 'வயல் தண்ணியில விளையாடினான்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவருக்கு உதவும்.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தனுப்புங்கள். வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பள்ளியிலும் இருக்கிறது, சுகாதார நிலையத்தில் இலவசமாகவும் கிடைக்கும்.

சேத்துப்புண், பேன், மெட்ராஸ் ஐ, இதுக்கெல்லாமும் நிறுத்தணுமா?

சேற்றுப்புண்ணுக்கு நிறுத்த வேண்டாம். பள்ளிக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைக்கச் சொல்கிறோம், விரலிடுக்கு ஈரமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஷூவுக்குள் ஈரச் சாக்ஸைவிடச் செருப்பு நல்லது, மழைக்காலத்தில் செருப்புக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. பேனுக்கும் நிறுத்த வேண்டாம், வீட்டில் எல்லார் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். மெட்ராஸ் ஐ என்றால் கண்ணில் பீளையும் நீரும் வடிவது நிற்கும் வரை வீட்டில் இருக்கட்டும், துண்டைத் தனியாக வையுங்கள். தாய்ப்பால் விடுவது, கண்ட சொட்டு மருந்து விடுவது வேண்டாம். உள்ளங்கை, உள்ளங்கால், வாயில் கொப்புளம் வந்தால் அது கை கால் வாய் நோய், சின்னப் பிள்ளைகளிடம் வேகமாகப் பரவும், கொப்புளம் காயும் வரை நிறுத்துங்கள். அம்மை போட்டால் பொருக்கு காய்ந்த பிறகு வரட்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாளை வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பள்ளியில மாத்திரை, ஊசி போடுறாங்களே, பயமில்லையா?

வாரம் ஒரு தடவை கொடுக்கிற ரோஸ் கலர் மாத்திரை இரும்புச்சத்துக்கு. சாப்பிட்ட பிறகுதான் கொடுப்போம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். குடற்புழு மாத்திரை வருஷத்தில் இரண்டு தடவை, அன்று பிள்ளை வராமல் விட்டிருந்தால் விடுபட்டவர்களுக்கு இன்னொரு நாள் உண்டு. ஒன்றாம் வகுப்பில் சேர்கிற வயதில், அதாவது 5 முதல் 6 வயதுக்குள், ஒரு முத்தடுப்பு ஊசியும், 10 வயதில் டிடி ஊசியும் அட்டவணையில் இருக்கிறது. போட்ட விவரம் தெரிய, குழந்தை பிறந்தபோது கொடுத்த தடுப்பூசி அட்டையை அனுப்புங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

பாம்பு?

மழைக்குப் பொந்து நிறைந்ததும் அவை மேட்டுக்கு வரும். மேடு என்றால் நம் வீடும் பள்ளியும்தான். கழிப்பறையையும் விறகு வைத்திருக்கிற மூலையையும் காலையில் தட்டிப் பார்த்த பிறகே பிள்ளைகளை விடுகிறோம். வீட்டில் தரையில் படுக்க வைக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் தூங்கும்போது கடிக்கும், பல் பட்ட இடம் வலிக்காது, வீங்காது. விடிகாலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லி, கண் இமை தொங்க ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள்.

கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது தேவையில்லாத வேலை. மந்திரிக்கிறவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், ஊசி போட்ட பிறகு அவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு என்னென்ன சொல்றீங்க?

தமிழ்நாட்டில் வெடி வெடிக்க நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. பையில் பொட்டு வெடி, பாம்பு மாத்திரை எதையும் பள்ளிக்குக் கொண்டுவர விடாதீர்கள். தீபாவளிக்கு முன்னால் ஒரு வாரம் பையைப் பார்ப்போம். நைலான் பாவாடை, தொங்குகிற துப்பட்டாவோடு மத்தாப்பு கொளுத்தக் கூடாது. சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள், இங்க் ஊற்றுவதும் பேஸ்ட் தடவுவதும் வேண்டாம். வெடிக்காத வெடியை மறுநாள் பொறுக்கிக் காகிதத்தில் மருந்தைக் கொட்டிக் கொளுத்துகிற விளையாட்டில்தான் விரல்கள் போகின்றன. அது தீபாவளி அன்று நடப்பதில்லை, லீவு முடிந்து நீங்கள் வேலைக்குப் போன பிறகு நடக்கும்.

ஊர்த் திருவிழா லீவெல்லாம் எல்லாருக்குமா?

உள்ளூர் விடுமுறை அந்தந்த மாவட்டத்துக்கு மட்டும். ராஜராஜ சோழன் பிறந்த நட்சத்திரமான ஐப்பசி சதயத்துக்குத் தஞ்சாவூரில் விடுவார்கள். ஐப்பசிக் கடைசியில், காவிரியில் முழுகுகிற கடைமுகத்துக்கு மயிலாடுதுறையில் விடுவார்கள். மறுநாள் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு, அதற்கும் சேர்த்துப் பிள்ளையை நிறுத்திப் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிற பழக்கம் உண்டு. துலாக் கட்டத்தில் கூட்டமும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டே குளிப்பாட்டுங்கள். நாகூர் கந்தூரி பிறைக் கணக்கு என்பதால் வருஷா வருஷம் முன்னுக்கு வரும். உள்ளூர் லீவுக்கும் மழை லீவுக்கும் ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைப்போம். சனிக்கிழமைதானே என்று நிறுத்திவிடாதீர்கள், அன்றும் பாடம் நடக்கும், சோறும் உண்டு.

விஜயதசமிக்குச் சின்னவனச் சேக்கலாமா?

சேர்க்கலாம். அன்று பள்ளியைத் திறந்து வைக்கிறோம். பூந்தோட்டம் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் நெல்லில் எழுதவைத்துவிட்டு நேரே இங்கே வருகிறவர்கள் உண்டு. அங்கே கூட்டத்தில் அழுத பிள்ளை இங்கே வந்தும் அழும். அதைப் பார்த்துச் சோர்ந்து போகாதீர்கள். பிறப்புச் சான்றிதழ் நகல் போதும், மற்றதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பள்ளிக் கட்டடம் ஒழுகுதாமே?

ஒரு வகுப்பறையில் ஒழுகுகிறது. அந்த அறையைப் பூட்டிவிட்டோம், இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைத்திருக்கிறோம். வாசலோரச் சுவருக்கும் கயிறு கட்டியிருக்கிறோம். இடைவேளையில் அங்கே போகக் கூடாது என்று வீட்டிலும் சொல்லுங்கள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு ஆசிரியர் வேலைக்கு வந்த எங்களில் பலருக்கும் கட்டடம் என்றாலே முதலில் வாசல் எங்கே என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஆகவே இந்தக் கேள்வியை நீங்கள் எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு எரிச்சல் வராது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். கூட்டத்துக்கு வாருங்கள். அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டு நாளும் கிராம சபை. தலைமையாசிரியை எழுதுகிற பத்துக் கடிதத்தைவிட, கிராம சபையில் பெற்றோர் எழுந்து கேட்டுப் பதிவாகிற ஒரு தீர்மானத்துக்கு எடை அதிகம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறியபோது பள்ளிக்கூடங்களில்தான் ஊர்கள் தங்கின. மறுபடி அப்படி ஒரு எச்சரிக்கை வந்தால் எந்த அறை தாங்கும் என்பது உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. தெற்குப் பக்கத்துப் புதுக் கட்டடம், மற்றதல்ல.

ஆதார், பேங்க் கணக்கு எதுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க?

ஊரகப் பெண் குழந்தைகளில் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிடர் பிரிவுகளைச் சேர்ந்தவர்களுக்கு 3 முதல் 5 வகுப்பு வரை வருஷா வருஷம் ஊக்கத்தொகை இருக்கிறது. கணக்கு இல்லாவிட்டால் அது வந்து சேராது. ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு ஆதாரில் கைரேகை, கண் பதிவு புதுப்பிக்க வேண்டும். பணம் நின்றுபோகிற இடம் பெரும்பாலும் இதுதான். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே சொல்லுங்கள்.

இன்னொன்று, யாரும் கேட்காதது. குடும்பத்துக்குச் சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்துவிட்டால், அல்லது நிரந்தரமாக முடங்கிவிட்டால், அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகை உண்டு. துக்க வீட்டில் இதைக் கேட்கத் தோன்றாது. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் நீங்கள் வந்து சொல்லுங்கள்.

அரையாண்டுப் பரீட்சைக்கு டியூஷன் வைக்கணுமா?

தொடக்கப் பள்ளிக்கா? வேண்டாம். ராத்திரி பத்து நிமிஷம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் கேட்கலாம், தடுக்கிற இடம் காதுக்குத் தெரியும்.

போன்ல காசு இல்ல டீச்சர், வரலன்னு எப்படிச் சொல்றது?

மிஸ்டு கால் போதும். ஒன்பது மணிக்குள் ஒரு ரிங் வந்தால் உங்கள் பிள்ளை வீட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். வராவிட்டால் ஒன்பதரைக்கு நான் கூப்பிடுவேன். நீங்கள் வயலில் இருந்தால், போனைக் கரையில் துணிமூட்டையோடு வைத்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற யாராவது எடுத்துப் பேசச் சொல்லி வையுங்கள்.